ஊதச் சொன்னது நான்தான்

கொஞ்சம் தள்ளி இரு மக்ளே. உனக்க பையை இஞ்ச தா, நான் மடியில வச்சுக்கிடுகேன். ஜன்னல் சீட்டு உனக்கே இருக்கட்டும், எனக்குக் காத்து அடிச்சா காது வலிக்கும். எங்க போறே? திருவனந்தபுரமா? கொள்ளாம், நல்லது. நான் கொல்லத்துக்குப் போறேன். பாதி வழிக்காவது பேச ஆளு கெடைச்சுதே.

இதைப் பாரு. கூச்சப்படாமப் பாரு. பேப்பர்ல வந்தது, வெட்டிப் பர்சுல வச்சிருக்கேன். "குடிபோதையில் ஸ்கூட்டர் ஓட்டிய கால்பந்து வீராங்கனை கைது." படத்துல இருக்கது யாருன்னு நினைக்கே? எனக்க மகள். பெனிஷா. ஒத்தை மகள். கோப்பையைக் கையில வச்சுக்கிட்டு நிக்குத படத்தைப் போட்டுட்டு மேல கைதுன்னு எழுதியிருக்கான் பாரு. நீ அந்த எழுத்தை விரலால மறைச்சுட்டுப் படத்தை மட்டும் பாரு. ராணி மாதிரி இல்லியா?

ஏன் அப்பிடி முழிக்கே? குடிகாரிக்க அம்மைன்னு நினைச்சியா? ஐயோ, நான் யாருன்னு தெரிஞ்சா நீ எழும்பி நிப்பே. புன்னைத்துறை ஜெசிந்தாள்னா கடற்கரை முழுக்கத் தெரியும். எங்க கோயில் பங்குல மதுவிலக்கு சபைக்குத் தலைவி நான். ஊரு முக்குல இருந்த ஒயின்ஷாப்பை மூட வச்சது நான். பெண்டுகளைக் கூட்டிட்டுப் போய்க் கடை வாசல்ல உக்காந்து ஜெபமாலை சொன்னோம். குடிக்க வந்தவனெல்லாம் நெத்தியில சிலுவை போட்டுட்டுத் திரும்பிப் போனான். கடைக்காரன் எவ்வளவுதான் தாங்குவான்? ஷட்டரை இழுத்துட்டுப் போயிட்டான்.

அதோட விட்டேனா? கடை போனா என்ன, அடுத்த ஊருல குடிச்சுட்டு வண்டியில ஆடிக்கிட்டு வருவானுவ. நேரா எஸ்.ஐ.கிட்டப் போனேன். தளவாய்னு பேரு, நல்ல மனுசன், கொஞ்சம் வயிறு உண்டு. "சார், சாயங்காலம் ஆனா பாலத்துல மெஷினோட நில்லுங்க, வாறவனையெல்லாம் ஊதச் சொல்லுங்க"ன்னு மனு குடுத்தேன். ஒரு மனுவா? கடைசியில என்னைக் கண்டாலே அவரு தொப்பியை எடுத்துட்டுக் கெளம்ப ஆரம்பிச்சாரு. ஆனா மெஷின் வந்துச்சு. அந்தப் பாலத்துல நடக்குத செக்கிங் எனக்க செக்கிங் மக்ளே.

சபையில ஒரு சட்டமும் போட்டேன். பாலத்துல எவன் மாட்டினாலும் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச உடனே தலைவி மைக்குல அவனுக்க பேரைச் சொல்லுவா. அவன் பீடத்துக்கு முன்னால வந்து கையை நீட்டி, இனிமே தொடமாட்டேன்னு சொல்லணும். ததேயுஸ்னு ஒருத்தன், வள்ளத்துல மீன் பிடிக்கப் போறவன். அவன் பேரைச் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு தேஞ்சுபோச்சு. அவனே ஒருநாள் வந்து, "தலைவியம்மா, நீங்க சிரமப்பட வேண்டாம், ஞாயித்துக்கிழமை ஆனா நானே எழும்பி வந்துருகேன்"ன்னு சொன்னான்.

எனக்கு ஏன் இவ்வளவு வைராக்கியம்னு உனக்குத் தோணும். பெனிஷாவுக்க அப்பன் குடிச்சுத்தான் போனாரு. அவ அப்பம் ஆறாங்கிளாஸ். ஆஸ்பத்திரியில அவருக்க காலைப் பிடிச்சுக்கிட்டே நின்னா. செரி, அது போட்டும். அதைப் பேசினா இந்தப் பயணமே கெட்டுப்போவும்.

பந்தைப் பத்திச் சொல்லுகேன் கேளு. எங்க ஊருல ஆம்பிளப் பிள்ளைகளெல்லாம் கடற்கரை மணல்ல பந்து விளையாடுவானுவ. இவளும் போய் நின்னா. முதல்ல பந்து பொறுக்கிப் போட விட்டானுவ. பெறவு கோல் போஸ்டுல நிக்க விட்டானுவ. பெறவு இவ காலுல பந்து வந்தா அவனுவ வழியை விட்டு ஒதுங்க ஆரம்பிச்சானுவ. மணல்ல ஓடிப் பழகின காலு மக்ளே, புல்லு தரையில விட்டா பறக்கும். மாவட்டத்துக்கு விளையாடினா, மாநிலத்துக்கு விளையாடினா. இந்த வருசம் பெண்களுக்குன்னு புதுசா ஒரு லீக்கு வந்துச்சு. அதுல டிராஃப்டுன்னு ஒண்ணு. கபடி மாதிரி ஏலம் போடுதது இல்ல. எல்லா டீமும் வரிசையில உக்காந்து, முறை வாறப்பம் ஒவ்வொரு பேரா எடுத்துக்கிடும். முதல் முறையிலயே பெனிஷா பேரை எடுத்துருவாவன்னு ஊரெல்லாம் பேச்சு. அவளுக்க கோச்சு என்னைக் கூப்பிட்டு, "அம்மா, டிராஃப்டு முடியுத வரைக்கும் பிள்ளையைப் பத்திரமாப் பாத்துக்கிடுங்க, சளி காய்ச்சல் கூட வரப்பிடாது"ன்னு சொன்னாவ.

நான் பாத்துக்கிடாம வேற யாரு பாப்பா? இப்பம் எனக்க உடம்பையே பாரேன். இந்த வயசுல மாடிப்படி ஏறி இறங்குகேன், மூச்சு வாங்காது. எதனாலன்னு நினைக்கே? அரிஷ்டம். தசமூலாரிஷ்டம். பிரசவம் முடிஞ்சவளுக்குக் குடுப்பாவளே, அதேதான். பெனிஷாவைப் பெத்து வீட்டுக்கு வந்தப்பம் குடிக்க ஆரம்பிச்சேன். மத்தவளுவ ஒரு மாசம், ரெண்டு மாசம் குடிச்சுட்டு விட்டுருவாளுவ. எனக்கு நல்லா ஒத்துக்கிட்டுது. பிள்ளைக்கு இருபது வயசு ஆச்சு, நான் இன்னும் நிப்பாட்டல.

பாட்டில்ல மூடி அளவுன்னு எழுதியிருப்பான். மூடியில குடிச்சா யாருக்குக் காணும்? எனக்குத் தம்ளர். சாயங்காலம் ஒரு தம்ளர் உள்ள போச்சுன்னா உடம்பு கதகதன்னு ஆவும், முட்டுவலி போன இடம் தெரியாது, மனசு லேசாயிரும், தானா பாட்டு வரும். சபைக் கூட்டத்துக்கு அதைக் குடிச்சுட்டுத்தான் போவேன். அதுக்கப்புறம் நான் மைக்கைப் பிடிச்சேன்னா குடிகாரனுவ நடுங்குவானுவ. அவ்வளவு நல்ல மருந்து.

பெனிஷாவுக்கு அது பிடிக்காது. "வேண்டாம் அம்மை, அதுல என்னமோ எழுதியிருக்கு பாருங்க"ன்னு பாட்டிலைத் திருப்பித் திருப்பிக் காட்டுவா. எல்லாம் பொடி எழுத்து, பாதி இங்கிலீஷு. மருந்துன்னா ஆயிரம் எழுதியிருப்பான், அதையெல்லாம் படிச்சா நோய் தீருமா?

டிராஃப்டுக்கு முன்னால ஒரு நாள், நாகர்கோவில்ல மாவட்டப் போட்டி ஃபைனல். மூணு கோல் போட்டா மக்ளே, மூணு! நான் கத்தின கத்துல எனக்க பக்கத்துல இருந்த ஒரு சார் எழும்பி வேற இடத்துக்குப் போயிட்டாரு. கோப்பையை வாங்கிட்டு வந்து எனக்க மடியில வச்சா. மொகமெல்லாம் வாடிக் கெடக்கு. பிள்ள களைச்சுப்போச்சேன்னு பையில இருந்த பாட்டிலை எடுத்து, தண்ணி பாட்டிலுக்க மேல்மூடி ஒண்ணு பெருசா இருந்துச்சு, அது நெறைய ஊத்திக் குடுத்தேன். "வேண்டாம் அம்மை, வண்டி ஓட்டணும்"ன்னா. "வண்டி ஓட்டத்தான் தெம்பு வேணும்"னு குடிக்க வச்சேன்.

பெறவு ஸ்கூட்டர்ல கெளம்பினோம். அவ ஓட்டுகா, நான் பின்னால கோப்பையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வாறேன். போறவன் வாறவனெல்லாம் கையைக் காட்டுகான். எனக்கு அன்னைக்குப் பூமியில காலு இல்ல, வண்டியில இருந்ததால உண்மையாவே இல்ல!

பாலத்துக்கு வந்தா, செக்கிங். தளவாய் சார் நிக்காரு. ஓரமா நாலஞ்சு ஆளை மாட்டி நிறுத்தியிருக்கு, ததேயுஸ் அதுல முதல் ஆளு. சார் என்னைப் பாத்துட்டு, கோப்பையையும் பாத்துட்டு, "வாழ்த்துக்கள் தலைவியம்மா, போங்க போங்க"ன்னு கையை ஆட்டுனாரு. விட்டிருக்கலாம்தான். ஆனா அந்த வரிசையில நிக்குதவனுவ என்னைப் பாத்துக்கிட்டு நிக்கானுவ. நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான் இல்லியா, தலைவிக்கு ஒரு சட்டம் எங்களுக்கு ஒரு சட்டமான்னு? நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கினேன். "சார், சட்டம்னா எல்லாருக்கும் சட்டம். எனக்க பிள்ளையும் ஊதட்டும்"னு சத்தமாச் சொன்னேன். பெனிஷா எனக்க சேலையைப் பிடிச்சு இழுத்தா. "அம்மை, போவோம் அம்மை." நான் கேப்பேனா? "ஊது மக்ளே, ஊருக்கே உதாரணமா ஊது"ன்னு சொன்னேன்.

ஊதினா. மெஷின் கீய்யின்னு கத்திச்சு பாரு. ததேயுஸுக்குக் கூட அவ்வளவு கத்தலையாம், அவனே பெறவு சொன்னான்.

தளவாய் சார் மெஷினைத் தட்டிப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. பிள்ளையைப் பாத்தாரு. "என்ன குடிச்ச?"ன்னு கேட்டாரு. அவ என்னைப் பாத்தா. வரிசையில நிக்குதவனுவளையும் பாத்தா. பெறவு தலையைக் குனிஞ்சுட்டு, "குடிச்சேன் சார்"னு சொன்னா. அவ்வளவுதான். என்ன குடிச்சான்னு சொல்லல. எனக்குத் தலையில இடி விழுந்த மாதிரி ஆயிட்டுது. எனக்க மகள்! எந்தக் கூட்டுக்காரி குடுத்தாளோ, எந்த ஹாஸ்டல்ல பழகினாளோ!

ஸ்டேஷன்ல வச்சு சார் தன்மையா விளக்கினாரு. "தலைவியம்மா, பதறாதிய. ரத்தத்துல இவ்வளவுதான் இருக்கலாம்னு சட்டத்துல ஒரு அளவு இருக்கு. அதைத் தாண்டி வண்டி ஓட்டினாத்தான் குத்தம். இப்பந்தான் எதையாவது குடிச்சிருந்தா வாயில இருக்கத வச்சே மெஷின் கூடக் காட்டிரும். அதுக்குத்தான் ரத்தப் பரிசோதனை. ரெண்டு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். டாக்டர் எடுப்பாரு. அதுல அளவு கம்மியா வந்துச்சுன்னா கேசே இல்ல, நானே வீட்டுல கொண்டு விடுதேன். பிள்ளையைப் பாத்தா தெளிவாத்தான் இருக்கு, கண்டிப்பாக் கம்மியாத்தான் வரும்."

நல்ல மனுசன்னு சொன்னேன்ல. ஜீப்புக்கு ஆள் கூப்பிடப் போனாரு. நான் யோசிச்சேன். ரத்தத்தைத்தானே பாக்கப் போறாவ, அப்பம் ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். அரிஷ்டத்தை விட ரத்தத்தைச் சுத்தம் பண்ணுத மருந்து உலகத்துல உண்டா? பாட்டிலை எடுத்தேன். "அம்மை, வேண்டாம், கடவுளே, வேண்டாம்"ன்னு கையெடுத்துக் கும்பிட்டா. "வாயைத் தொற, நீ செஞ்ச காரியத்துக்கு நான் பரிகாரம் செய்யுகேன்"னு அங்க தண்ணிப் பானை மேல இருந்த தம்ளர் நெறைய குடிக்க வச்சேன். கத்தினா போலீஸ்காரன் வந்துருவான்னு அழுதுக்கிட்டே குடிச்சா.

ரிப்போர்ட் அளவுக்கு மேல வந்துச்சு. நான் என்ன செய்ய? அவ்வளவு குடிச்சிருந்தா ஒரு தம்ளர் மருந்து எப்பிடிப் போதும்னு நினைச்சேன்.

அப்பிடித்தான் மக்ளே கைது. அன்னைக்கே ஜாமீன்ல விட்டுட்டாவ, ஆனா கேஸ் கேஸ்தான். மறுநாள் பேப்பர்ல வந்துச்சு, இந்தப் படம். அதுக்கடுத்து லீக்குல இருந்து கடுதாசி இல்ல, ஃபோனு. பெனிஷா பேரைப் பட்டியல்ல இருந்து எடுத்து நிறுத்தி வச்சிருக்கு, விசாரணை முடிஞ்சாத்தான் டிராஃப்டுல பேரு வரும்னு. பிள்ள ஃபோனைக் கீழ வச்சுட்டு, பந்து விளையாடுத ஷூவைக் கட்டிலுக்கு அடியில தள்ளினா. நான்தான் ஒப்பாரி வச்சேன். "எவ குடுத்தா சொல்லு, அவ வீட்டு வாசல்ல போய் ஜெபமாலை சொல்லுகேன்"ன்னு கேட்டேன். "யாரும் குடுக்கல அம்மை. நானேதான்"ன்னா. எனக்க பிள்ள பொய் சொல்ல மாட்டா, அதனால நம்பிட்டேன்.

பெறவு ஞாயித்துக்கிழமை வந்துச்சு. ஆமா, அந்தச் சட்டம். நான் போட்ட சட்டம். ஃபாதர் சொன்னாரு, இந்த வாரம் விட்டுருவோம் ஜெசிந்தா, பிள்ளைக்கு வாழ்க்கை இருக்குன்னு. நான் விடுவேனா? கோயில் நெறைஞ்சு கெடக்கு. கல்யாணத்துக்கப்புறம் கோயிலைப் பாக்காதவன் கூட அன்னைக்கு முன்வரிசையில இருக்கான். மைக்கைப் பிடிச்சேன். "பெனிஷா"ன்னு சொன்னேன். அவ எழும்பி வந்தா. கையை நீட்டினா. "இனிமே தொடமாட்டேன். எனக்க வீட்டுக்குள்ளயும் விடமாட்டேன்"ன்னு தெளிவாச் சொன்னா. வீட்டுக்குள்ளன்னு சொல்லுதப்பம் என்னைத்தான் பாத்தா. நான் நினைச்சேன், அம்மைக்கு வாக்குக் குடுக்கான்னு.

ஒருத்தனும் சிரிக்கல மக்ளே. சிரிக்கணும்னுதான் வந்தானுவ, சிரிக்கல. வெளிய வந்தப்பம் ததேயுஸ் என்கிட்ட வந்து, "தலைவியம்மா, இந்தப் பிள்ள குடிக்கிற பிள்ள இல்ல. குடிக்கிறவனுக்குக் குடிக்கிறவனைத் தெரியும்"னான். "நீ பேசாத"ன்னு செருப்பைக் கழட்டினேன்.

அதுக்கப்புறம் லீக்குக்காரங்களுக்க விசாரணை. நேருல போக வேண்டாம், கம்ப்யூட்டர்லயே பேசலாமாம். எங்க வீட்டு ஹால்ல மேசை போட்டு, அயல்வீட்டுப் பிள்ளைகிட்ட லேப்டாப்பு வாங்கி வச்சோம். அந்தப் பக்கம் மூணு பேரு, ரெண்டு சாரு, ஒரு டாக்டரம்மா. கைது பண்ணின விவரம் சொல்ல தளவாய் சாரையும் வரச் சொன்னாவ. அவரு மத்தியானத்துலேருந்து எங்க வீட்டுலதான் இருந்தாரு, நான் போட்ட மீன் கறி அவருக்குப் பிடிக்கும்.

பெனிஷா சொன்னா: "நான் குடிச்சது தப்பு. மன்னிச்சுருங்க. இனிமே நடக்காது." அவ்வளவுதான். ஒரு சாரு கேட்டாரு, "யாரோட குடிச்சே, எங்க குடிச்சே?" இவ பேசாம நிக்கா. "சொல்லலைன்னா நாங்க உன் பேரை அடியோட நீக்க வேண்டி வரும்மா. உனக்குப் பழக்கம் இருக்கா இல்லையான்னு எங்களுக்குத் தெரியணும்"னாரு. இவளுக்குக் கண்ணுலேருந்து தண்ணி மட்டும் ஓடுது.

நான் சமையல்கட்டுல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். எனக்குத் தாங்கல. போய் லேப்டாப்புக்கு முன்னால நின்னேன். "சார், வணக்கம். நான் அம்மை. மதுவிலக்கு சபைத் தலைவி. பிள்ள தப்பு செஞ்சுட்டு. ஆனா நான் விடல சார். அன்னையிலேருந்து தினமும் காலையில ஒரு தம்ளர், சாயங்காலம் ஒரு தம்ளர் மருந்து குடுத்து அவளுக்க ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டு வாறேன். இதோ பாருங்க"ன்னு பாட்டிலை எடுத்துக் காட்டினேன். அவ அதைக் குடிக்காம வாழைக்கு ஊத்தினது எனக்குப் பெறவுதான் தெரியும்.

டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டாவ. "அதைக் கொஞ்சம் பக்கத்துல காட்டுங்கம்மா." காட்டினேன். "எவ்வளவு குடுப்பீங்க?" தம்ளரையும் காட்டினேன். "அந்தக் கைது நடந்த அன்னைக்கும் இதைக் குடுத்தீங்களா?" "ஜெயிச்ச உடனே ஒரு பெரிய மூடி, ஸ்டேஷன்ல வச்சு, ரத்தம் எடுக்கதுக்கு முன்னால ஒரு தம்ளர்"னு சொன்னேன். நல்ல அம்மைன்னு அவங்களுக்குத் தெரியணும்ல.

ஒரு சாரு கேமராவை அணைச்சுட்டாரு. இன்னொரு சாருக்குத் தோள் குலுங்குது. தளவாய் சாரு வாயைப் பொத்திக்கிட்டு வாசலுக்குப் போயிட்டாரு. டாக்டரம்மா மட்டும் தன்மையாச் சொன்னாவ: "அம்மா, இது புளிக்க வச்ச மருந்து. இதுலயும் சாராயம் இருக்கு. மூடியில குடிச்சா மருந்து. தம்ளர்ல குடிச்சா, பீர் குடிக்கிற மாதிரிதான்."

எனக்கு வந்துச்சே கோபம்! "நானா? நானா பீர் குடிக்கேன்? இருபது வருசமா நான் இதைத்தான் குடிக்கேன், என்னைப் பாத்தா எப்பிடித் தெரியுது?"ன்னு கேட்டேன். "தளவாய் சாரே, மெஷினைக் கொண்டாங்க! நான் ஊதுகேன், இவங்க எல்லாரும் பாக்கட்டும்!" அவரு வேண்டாம்னாரு. நான் விடல. ஜீப்புலேருந்து எடுத்துட்டு வந்தாரு. லேப்டாப்பைப் பாத்து நின்னு, நெஞ்சை நிமித்தி, ஒரே ஊது.

மெஷின் நிக்காம கத்திச்சு மக்ளே. அயல்வீட்டுக்காரி என்ன ஏதுன்னு ஓடி வந்துட்டா.

எல்லாரும் சிரிக்காவ. பெனிஷா தரையில உக்காந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கா. கைதுக்கப்புறம் அவ சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன், அதனால நானும் சிரிச்சுட்டேன். தளவாய் சார் கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "பயப்படாதிய தலைவியம்மா, வீட்டுக்குள்ள ஊதினா கேஸ் கெடையாது. வண்டி ஓட்டணும், இல்ல ஓட்டப் பாக்கணும், அப்பந்தான் சட்டம்"ன்னாரு. "பிள்ளைக்கு மட்டும் கேஸ் உண்டா? மருந்துதானே குடிச்சா?"ன்னு கேட்டேன். "உண்டு. சட்டம் பாட்டில்ல என்ன பேரு ஒட்டியிருக்குன்னு கேக்காது, ரத்தத்துல எவ்வளவுன்னுதான் கேக்கும்"னாரு. அதுபடி கோர்ட்டுல அபராதம் கட்டினோம். ஆனா லீக்குக்காரங்க அன்னைக்கே அவ பேரைத் திரும்பச் சேத்துட்டாவ. டாக்டரம்மா கடைசியில ஒண்ணு சொன்னாவ: "பெனிஷா, உங்க அம்மா பேரு கெடக்கூடாதுன்னு நீ உன் பேரைக் கெடுத்துக்கிட்டே. இனிமே அப்படிச் செய்யாதே." அது எதுக்குச் சொன்னாவன்னு எனக்குச் செரியாப் புரியல. எனக்க பேரு எங்க கெட்டுது?

மெஷின்லதான் கோளாறுன்னு நான் இன்னும் சொல்லுகேன். மாத்தச் சொல்லி மனு குடுத்தாச்சு. என்ன, ஊருல ஒரு தொல்லை. இந்தக் கதை பரவின உடனே மருந்துக்கடையில அரிஷ்டம் கெடைக்க மாட்டேங்கு. ததேயுஸுக்கு முட்டுவலியாம்!

டிராஃப்டு அன்னைக்கு ஊரே எங்க வீட்டுல. ஃபோன்ல காட்டினாவ. கொல்லம் டீமு முதல் முறையிலயே, "பெனிஷா, புன்னைத்துறை"ன்னு சொல்லிச்சு. ஊரு பேரையும் சேத்துச் சொன்னாவ மக்ளே! ஆம்பிளைகளெல்லாம் அவளைத் தோளுல தூக்கிட்டுக் கடற்கரைக்கு ஓடினானுவ. நான் பின்னால ஓடினேன். மணல்ல விழுந்தேன். விழுந்த இடத்துலயே கெடந்து சிரிச்சேன்.

ஆனா பெட்டி கட்டுததுக்கு முன்னால அவ ஒண்ணு செஞ்சா. வீட்டுல இருந்த அரிஷ்டம் பாட்டிலெல்லாத்தையும் எடுத்து வாழைக்கு ஊத்தினா. எனக்க முன்னாலயே. "அம்மை, உங்களைத் தனியா விட்டுட்டுப் போக எனக்குப் பயமா இருக்கு. அப்பாவை நான் பாத்தாச்சு. இன்னொருக்கா பாக்க எனக்குத் தெம்பு இல்ல. நீங்க இதைத் தொடமாட்டேன்னு சொன்னாத்தான் போவேன். ஒருநாள் தொட்டாலும் விளையாட்டை விட்டுட்டு வந்து உங்க கூட இருப்பேன்"ன்னா. பிள்ளைக்குக் கிறுக்குன்னு நினைச்சேன். அவளுக்க அப்பன் குடிச்சது சாராயம், நான் குடிச்சது மருந்து. இருந்தாலும் சொல்லிட்டேன். போகணும்ல அவ.

அன்னையிலேருந்து தினமும் சாயங்காலம் ஃபோன் பண்ணுகா. மத்த பிள்ளைக சாப்பிட்டியா அம்மைன்னு கேக்கும். இவ, "ஊதுங்க அம்மை"ன்னு சொல்லுகா. நான் ஃபோன்ல ஊதுகேன். "செரி, வாசம் இல்ல"ன்னு சிரிச்சுட்டு வைக்கா. ஃபோன்ல எப்பிடி வாசம் வரும்? விளையாட்டுதான். ஆனா அந்த ஒரு ஊதலுக்காக நான் பகல் முழுக்கக் காத்துக் கெடப்பேன்.

நேத்து அவளுக்கு முதல் ஆட்டம். ரெண்டு கோல். வீட்டுல நான் மட்டும். எழும்பிக் குதிச்சேன், சுவத்தைத் தட்டினேன், அந்தோணியார் படத்துக்கிட்டச் சொன்னேன். அவ்வளவு சந்தோசத்தை வச்சுக்கிட்டு ஒத்தையில என்ன செய்ய மக்ளே? கடைக்குப் போனேன். ஒரு பாட்டில் வந்திருந்துச்சு. மூடியில, சத்தியமா மூடியிலதான், ரெண்டு மூடி.

அவ ஃபோன் பண்ணினா. நான் பாட்டுப் பாடிக்கிட்டே எடுத்தேன். கோலைப் பத்தியே பேசினேன், அவளைப் பேச விடல. "ஊதுங்க அம்மை"ன்னா. ஊதினேன். இன்னொருக்கா ஊதச் சொன்னா. பெறவு, "அம்மை, வாசம் வருது"ன்னு சொன்னா. எப்பிடி மக்ளே கண்டுபிடிச்சா? கொல்லம் எங்க கெடக்கு, புன்னைத்துறை எங்க கெடக்கு? "நாளைக்கு வந்துருகேன்"னு சொல்லி வச்சுட்டா.

ராத்திரியே பாட்டிலை வாழைக்கு ஊத்திட்டேன். காலையிலேருந்து கூப்பிடுகேன், எடுக்கல. "நீ பெட்டி கட்டாத. நான் வாறேன். நேருல ஊதிக் காட்டுகேன்"ன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளையை வச்சு மெசேஜ் போட்டிருக்கேன். பாத்துட்டா. பதில் இல்ல. அது மருந்துதான் மக்ளே, நான் யாருகிட்டயும் சொல்லுவேன். ஆனா எனக்க பிள்ளைக்கு வேண்டாம்னா எனக்கும் வேண்டாம். அவ ஓடணும். அவ்வளவுதான்.

ஒரு உபகாரம் செய்வியா? எனக்க மூக்கை எனக்கே நம்ப முடியல. கொஞ்சம் இஞ்ச திரும்பு, நான் ஊதுகேன், நீ மோந்து பாத்துச் சொல்லு. சிரிக்காத, நல்லாப் பாரு. ஹா. என்ன வருது? சாயா வாசம் மட்டும்தானா? இன்னொருக்கா ஊதட்டா? சத்தியமா ஒண்ணும் இல்லியா?

கண்டக்டரே! டிரைவர்கிட்டக் கொஞ்சம் மிதிச்சு ஓட்டச் சொல்லுங்க. எனக்க பிள்ள கெளம்பிரப் போறா.